விடுமுறைக்கு ஒரு மாகாணிக் கணக்கு



டிசம்பர் 22 இராமானுஜன் பிறந்த நாள். 2012 முதல் அது தேசிய கணித தினம். மூன்றாம் நாள் கிறிஸ்துமஸ். இந்தச் சமயத்தில் கணக்குப் பிரியர்கள் ஒரு பழைய வேடிக்கையை அனுப்பிக்கொள்வார்கள்: "அக்டோபர் 31-ம் டிசம்பர் 25-ம் ஒன்றுதான்." எண்ம முறைக்கு ஆங்கிலச் சுருக்கம் 'ஆக்ட்', பதின்ம முறைக்கு 'டெக்'. எண்ம முறையில் 31 என்றால் 3×8+1 = 25. நல்ல வேடிக்கைதான். ஆனால் ஆங்கிலம் தெரிந்தால்தான் சிரிப்பு வரும்.

தமிழில் அந்தக் கவலை இல்லை. அரைக்கால் என்றால் 1/8. அப்படியானால் அரைக்கால் சட்டை தைக்க 100 ரூபாய் என்றால், முழுச் சட்டைக்கு 800 ரூபாயா? முக்காலியைவிட நாற்காலி எவ்வளவு பெரிது? கால்!

மா 1/20, காணி 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. அதன் பெயர் மாகாணி. பெயருக்குள்ளேயே விடை!

15-ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவர் முக்காலில் தொடங்கி ஒருமா வரை பின்னப் பெயர்களை ஒரே வெண்பாவில் அடுக்கினார். முக்கால் என்பது கோலூன்றிய கிழவரின் மூன்று கால். இருமா (1/10) என்பது இருமல். ஒருமா என்பது காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில் மாமரம். முதுமை வருமுன் இறைவனை நினை என்று பொருள்.

விடுமுறைக்கு "வாய்ப்பாட்டைப் பத்து முறை எழுதி வா" என்பது என் பார்வையில் தண்டனைதான். தண்டனையாக வந்த பாடத்தை எந்தப் பிள்ளை விரும்பும்?

"பழைய அளவையால் மார்க் வருமா சார்?" என்று கேட்பீர்கள். வரும். 1/20-ஐயும் 1/80-ஐயும் கூட்ட மீச்சிறு பொது மடங்கு வேண்டும். ஆறாம் வகுப்பில் பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான். சிரித்துக்கொண்டே கற்றது மறக்காது.

பாகூர், வில்லியனூர்ப் பக்கம் நிலம் பேசும்போது 'காணி' இன்னும் காதில் விழுகிறது. வீசம், மாகாணி எல்லாம் வீட்டுப் பெரியவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. பல்லவர் காலத்திலேயே கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகப் பெற்ற ஊர் பாகூர், செப்பேடு சாட்சி. அந்த மண்ணில் இந்தச் சொற்கள் அழியலாமா?

இந்த விடுமுறையில் பிள்ளைகளைத் தாத்தா, பாட்டியிடம் அனுப்பி ஒரு கணக்கு விடுகதையாவது கேட்டு வரச் சொல்லுங்கள். கிடைத்ததைக் கீழே எழுதுங்கள். அதுவரை ஒரு கேள்வி: மூன்று மாவும் ஒரு மாகாணியும் சேர்ந்தால் எவ்வளவு? கால்குலேட்டர் கூடாது!