எச்சரிக்கை விமானிக்கே போகட்டும்

1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சார்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு இந்தியா ஒரு நல்ல முடிவெடுத்தது. எதிரே விமானம் வந்தால் ‘ஏறு’, ‘இறங்கு’ என்று விமானியிடமே நேரடியாகச் சொல்லும் மோதல் தவிர்ப்புக் கருவி பயணிகள் விமானங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. 2002இல் ஜெர்மனியின் யூபர்லிங்கன் அருகே இரண்டு விமானங்கள் நெருங்கியபோது, ஒன்றின் விமானிகளிடம் கருவி ‘ஏறு’ என்றது, கட்டுப்பாட்டாளர் ‘இறங்கு’ என்றார். அவர்கள் கட்டுப்பாட்டாளர் பேச்சைக் கேட்டார்கள். 71 பேர் இறந்தார்கள். இரண்டு சொல்லும் முரண்பட்டால் கருவியின் சொல்லுக்கே கட்டுப்பட வேண்டும் என்பது அதன் பிறகு ஐயத்துக்கு இடமில்லாத விதியானது.

ஆனால் தரையிலிருந்து ஏறக்குறைய 1,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் இந்தக் கருவி வழி சொல்வதை நிறுத்திக்கொள்ளும். அதன் அமைப்பே அப்படி. அதற்குப் பிறகு பெரும்பாலான நிலையங்களில் விமானிக்குத் துணை அவருடைய கண்ணும், கோபுரத்திலிருந்து வரும் குரலும்தான். இன்றைய நெரிசலுக்கு இது போதாது.

ஏன் போதாது என்பதற்கு டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தைப் பார்க்க வேண்டும். 2024 ஜனவரி 2 மாலை, நோட்டோ நிலநடுக்கப் பகுதிக்கு நிவாரணப் பொருள்களுடன் புறப்படவிருந்த கடலோரக் காவல்படை விமானத்துக்கு, ஓடுதளத்துக்கு வெளியே உள்ள காத்திருப்பு இடம் வரை வர மட்டுமே அனுமதி தரப்பட்டது. கூடவே, வரிசையில் முதலிடம் என்பதைக் குறிக்க ‘நம்பர் ஒன்’ என்றார் கட்டுப்பாட்டாளர். ஓடுதளத்துக்குள் போகவே அனுமதி கிடைத்துவிட்டதாக விமானி எடுத்துக்கொண்டார். உள்ளே போய் ஏறத்தாழ 40 விநாடி நின்றார். அதே ஓடுதளத்தில் 379 பேருடன் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் அதன் மீது மோதியது. தீப்பிடித்த பெரிய விமானத்திலிருந்து அத்தனை பேரும் உயிருடன் வெளியேறினார்கள். அதற்காக அந்தப் பணியாளர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள்.

கோபுரத்தில் எச்சரிக்கை அமைப்பு இல்லையா என்றால், இருந்தது, வேலையும் செய்தது. திரையில் ஓடுதளம் மஞ்சளாகவும் விமானம் சிவப்பாகவும் மாறின. ஆனால் ஒலி எழவில்லை. கட்டுப்பாட்டாளர் அதைக் கவனிக்கவில்லை. ஓடுதள நுழைவாயிலில் சிவப்புத் தடுப்பு விளக்குகளும் உண்டு. அவை பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தன. நிறுத்தப்படாவிட்டாலும் அன்று எரிந்திருக்காது. பார்வைத் தெளிவு குறைந்த வேளைகளில் மட்டுமே அவற்றைப் பயன்படுத்துவது அங்கே வழக்கம். அன்று வானம் தெளிவாக இருந்தது. விளக்கு, திரை, மனிதர் என்று மூன்று காவல் இருந்தும், ஆபத்து அந்த விமானிகளின் காதுக்கு எட்டவே இல்லை.

2023 ஜனவரி 13 அன்று நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் இதே போன்ற தவறு நேர்ந்தது. டெல்டா விமானம் புறப்பட வேகமெடுத்த நேரத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுதளத்தைக் குறுக்கே கடந்தது. அங்கே எச்சரிக்கை அமைப்பு கோபுரத்துக்குள் ஒலி எழுப்பியது. கட்டுப்பாட்டாளர் உடனே அனுமதியை ரத்து செய்தார், டெல்டா விமானம் சுமார் 1,000 அடி முன்னதாக நின்றது.

இந்தியாவில் 2024 ஜூன் 8 அன்று, மும்பையில் ஏர் இந்தியா விமானம் ஓடுதளத்தை விட்டு எழும் நேரத்தில் அதே ஓடுதளத்தில் இண்டிகோ விமானம் தரையிறங்கியது. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உடனே விசாரணையைத் தொடங்கியது. விசாரணை முடியும் முன்பே கட்டுப்பாட்டாளரைப் பணியிலிருந்து விலக்கிவைத்தது. மும்பையின் இரு ஓடுதளங்களும் ஒன்றையொன்று வெட்டுகின்றன, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். அந்த ஒன்றிலேயே இத்தனை விமானங்களை ஏற்றி இறக்கும்படி கால அட்டவணை போட்டுக் கொடுத்தவர் கோபுரத்தில் உட்கார்ந்திருப்பவர் அல்லவே. அவரை மாற்றினாலும் அடுத்து அந்த நாற்காலியில் அமர்பவருக்கும் அதே ஓடுதளம், அதே நெருக்கடி.

ஒலி எச்சரிக்கைக்கு ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு. ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஒலித்தால் நாளடைவில் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். உண்மைதான். அதற்கு வழி கருவியின் அளவீட்டைச் சரிசெய்வதே தவிர, ஊமையாக்குவது அல்ல. ஜப்பானிய நிபுணர் குழுவே விபத்துக்குப் பிறகு திரை எச்சரிக்கையுடன் ஒலியையும் சேர்க்கப் பரிந்துரைத்தது. செலவைப் பற்றிச் சொல்வோருக்கு நம் பதில், புதிய முனையங்களின் அலங்காரத்துக்குச் செலவிடத் தயங்காத நாடு இது என்பதுதான்.

ஆனால் ஒலியும் கோபுரத்தோடு நின்றுவிடும். கட்டுப்பாட்டாளர் அதைக் கேட்டு, புரிந்து, மைக்கை அழுத்திப் பேசுவதற்குள் இறங்கும் விமானம் நொடிக்கு 60 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். அமெரிக்காவில் 20 விமான நிலையங்களில் ஓடுதளத்திலேயே பதித்த விளக்குகள், ராடார் தகவலைக் கொண்டு யாரையும் கேட்காமல் தாமாகவே சிவப்பாக எரிகின்றன. விமானி தன் கண்ணெதிரே பார்த்து நின்றுவிடலாம். காக்பிட்டுக்குள்ளேயே ஓடுதள ஆபத்தைச் சொல்லும் கருவிகளும் உருவாகிவருகின்றன.

நெரிசல் மிகுந்த நம் விமான நிலையங்களில் இத்தகைய தானியங்கி விளக்குகளைக் கட்டாயமாக்க விமானப் போக்குவரத்து அமைச்சகம் தேதி குறித்து அறிவிக்க வேண்டும். அதுவரை நுழைவாயில் தடுப்பு விளக்குகள் வெயிலோ பனியோ எந்நேரமும் எரியட்டும், கோபுரத் திரைகளுக்கு ஒலி சேரட்டும். சென்னையிலும் இரு ஓடுதளங்கள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. டெல்லி, மும்பையோடு சென்னையும் முதல் பட்டியலிலேயே இடம்பெற வேண்டும் என்று நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.