படிப்பும் பிழைப்பும்

'பிளஸ் டூ முடிந்ததும் என்ன?' என்ற கேள்வி எங்கள் காதில் விழாத நாள் இவ்வாண்டில் இல்லை. கூரத்திலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் பேருந்தேறிப் பள்ளிக்கு வரும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் நாங்கள். அக்கேள்விக்கு விடை கூறும் விளம்பரப் பலகைகள் வழிநெடுக நிற்கின்றன. 'நூறு விழுக்காடு வேலைவாய்ப்பு' என்கிறது ஒரு தனியார் கல்லூரி. அடுத்த பலகையில் கோட்டு அணிந்த பெண்ணொருத்தி கைகட்டிச் சிரிக்கிறாள். அவள் அக்கல்லூரியில் படித்தவள்தானா என்பதை யார் கண்டது!

"படித்துவிட்டு வேலைக்குத்தானே போக வேண்டும்? அதை வெளிப்படையாகச் சொல்லும் கல்லூரியைக் குறை கூறுவானேன்?" என்று பெற்றோர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. வேலையை முன்னிட்டுப் பாடம் நடத்தும் கல்லூரிகளை நாங்கள் வெறுக்கவில்லை. ஆயினும், அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகுமுன் மனத்தில் பட்டதைச் சொல்லிவிட எண்ணுகிறோம்.

நம் மாநிலத்தில் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகளுக்கு எம்.ஜி.ஆர். அரசு வழி திறந்தது 1984 இல். அதற்கு முன்னர் கிண்டி போன்ற சில கல்லூரிகளில் இடம் கிடைத்தால்தான் பொறியியல். இன்று அத்தகைய கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. கிராமத்துப் பெண் பொறியியல் படிக்கலாம் என்ற நிலை வந்ததற்கு அவையும் ஒரு காரணம். அதை மறந்து பேசுவது நன்றியாகாது. ஆனால் 'நன்கொடை' என்ற பெயரில் நடந்த வசூல் அளவு கடந்தமையால், 1992 இல் அதனைத் தடை செய்யத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

வேலை கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? நமக்குத் தொலைவில் இல்லாத ஸ்ரீபெரும்புதூரைப் பாருங்கள். 2006 இல் அங்கே நோக்கியா செல்பேசித் தொழிற்சாலை தொடங்கிற்று. கிராமங்களுக்கே பேருந்து வந்து பெண்களை ஏற்றிச் சென்றது. பிளஸ் டூ படித்தவர்களும் பட்டயம் பெற்றவர்களும் சீருடை அணிந்து மாதச் சம்பளம் வாங்கினர். வீட்டில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு வந்தது. திருமணம் சில ஆண்டு தள்ளிப் போயிற்று. உச்ச காலத்தில் அங்கு வேலை பார்த்தோர் எண்ணாயிரம் பேர் வரை எனலாம். பிறகு வரி வழக்கு எழுந்தது. 2014 இல் நிறுவனத்தின் செல்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்த ஆலை விற்பனையில் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் உற்பத்தி நின்றது. கணக்கும் கருவியின் தத்துவமும் கற்றவள் வேறோர் ஆலையின் வாயிலில் நின்று 'எனக்கு இது தெரியும்' என்று சொல்ல முடியும். ஒரே இயந்திரத்தில் ஒரே திருகை முடுக்கப் பழகியவள் என்ன சொல்வாள்? கல்லூரி எதைக் கற்பிக்கிறது என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

பல்கலைக்கழக மானியக் குழு 2014 இல் அறிமுகப்படுத்திய 'பி.வோக்' என்னும் தொழிற்பட்டம் இவ்வகையில் நல்ல ஏற்பாடு. தொழிற்பயிற்சியோடு பொதுப் பாடமும் அதில் உண்டு. ஓராண்டு முடித்தால் பட்டயம், ஈராண்டு முடித்தால் உயர் பட்டயம், மூன்றாண்டுக்குப் பட்டம். ஆனால் எங்களுக்கு ஓர் அச்சமும் உண்டு. 'ஓராண்டிலேயே கையில் காகிதம் கிடைக்கிறதே, போதும்' என்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டால்? பாதியில் இறங்கவும் வசதி இருக்கிறது என்பதற்காக எங்களைப் பாதியில் இறக்கிவிடாதீர்கள் என்று பெற்றோரை வேண்டிக்கொள்கிறோம்.

நம் கூரத்தின் செப்பேடு பலருக்கு நினைவிருக்கலாம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்தது. ஏரிக்கும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொணரும் வாய்க்காலுக்கும் வழி செய்த அதே செப்பேட்டில், மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. வாய்க்கால் வெட்டினால் போதும், வாசிப்பு எதற்கு என்று அன்று கூரத்தில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. இன்றோ, மொழிப் பாடத்தை 'வேலைக்கு உதவாதது' என்று ஒதுக்குகிறோம். நேர்முகத் தேர்வில் வாய் திறக்க முடியாமல் விழிக்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது!

ஆகவே சில கேள்விகளைத் தாளில் எழுதி வைத்துள்ளோம். எங்கள் சிஸ்டர் ஒருவரும் அதில் கை வைத்துத் திருத்தினார். சென்ற ஆண்டு எத்தனை பேர் படித்து முடித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பணி ஆணை பெற்றார்கள், ஓராண்டு கழித்தும் வேலையில் இருப்பவர் எத்தனை பேர்? ஒருத்தி வாங்கிய பெருஞ்சம்பளத்தைச் சொல்லாமல், நடுவில் நிற்பவள் வாங்குவதைச் சொல்வார்களா? பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் எது? பி.பி.ஏ., பி.சி.ஏ. வகுப்புகளும் 2024-25 கல்வியாண்டு முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் வரம்புக்குள் வந்துள்ளன. அந்த ஒப்புதல் கடிதத்தைக் காட்டுவார்களா? ஆய்வுக்கூடத்தைப் பூட்டிய கதவு வழியாக அல்லாமல் உள்ளே சென்று பார்க்கலாமா? மாலையில் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? இது சிறிய கேள்வி என்று எண்ண வேண்டாம். எங்கள் ஊர்ப் பெண்களின் படிப்பு பலமுறை இதில்தான் நின்றிருக்கிறது.

மூலச் சான்றிதழ்களைக் கல்லூரியிலேயே வைத்துக்கொள்வோம் என்று சொன்னால், கூடாது என்று சொல்ல வேண்டும். அவற்றைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டுமென்று மானியக் குழு 2018 இலேயே அறிவித்துவிட்டது.

வரும் மே மாதத்தில் அப்பாவோடு போகும்போது இத்தாளையும் எடுத்துச் செல்லப் போகிறோம். முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் கல்லூரியில் விண்ணப்பப் படிவம் வாங்குவோம்.