கடைக் கணக்கு தெருவுக்கு வந்தால்...



ஒரு கடை கைமாறப் போகிறது என்ற செய்தி, கைமாறுவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டால் என்ன ஆகும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். சரக்குப் போட்டவர் பாக்கிக்கு ஆள் அனுப்புவார். பாக்கி தர வேண்டியவரோ, "புது முதலாளி வரட்டும், பார்க்கலாம்" என்று இழுப்பார். விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் நஷ்டம். அந்தச் செய்தி கடன் கொடுக்கும் இடத்திலிருந்தே கசிந்தால் என்ன செய்வது? எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறோம்.

விருதுநகர் பக்கம் வற்றல், மல்லி, பருப்பு மொத்த வியாபாரத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் இருக்கிறோம். சில வருடங்களுக்கு முன், பக்கத்து ஊரில் எங்களிடம் சரக்கு எடுத்துவந்த ஓர் அண்ணாச்சி தம் மளிகைக் கடையைக் கொடுத்துவிட நினைத்தார். பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்கள். எங்கள் இளைய மகனுக்கு அந்தக் கடை பொருத்தமாகப் பட்டது. விலை பேசி முடித்தோம். "ஒப்பந்தம் எழுதுற வரைக்கும் வெளியே தெரிய வேண்டாம் தம்பி" என்பது ஒன்றே அவர் போட்ட நிபந்தனை.

பாதிப் பணம் கையில் இருந்தது. மீதிக்கு, வெகுநாளாக எங்கள் கணக்கு உள்ள வங்கிக்குப் போனோம். அண்ணாச்சி கொடுத்த மூன்று வருட ஐந்தொகை, சரக்கு இருப்பு, பாக்கிப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொடுத்தோம். கடன் பிரிவில் இருந்த ஒருவர், அதே தெருவில் கடை வைத்திருக்கும் இன்னொரு வாடிக்கையாளரிடம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். பத்தே நாளில் எண்ணெய் ஏஜென்ட், ரொக்கம் வைத்தால்தான் டின் இறக்குவேன் என்றார். வேலை பார்த்த பையன்கள் இருவர் வேறு கடைக்குப் போனார்கள். கட்டிடக்காரர் அட்வான்ஸை உயர்த்திப் பேசினார்.

வங்கிக்குப் போய்ச் சத்தம் போட வேண்டும் என்றுதான் எங்களுக்கு முதலில் தோன்றியது. ஆனால் முதலில் போக வேண்டிய இடம் அதுவல்ல. அந்தக் காகிதங்கள் அண்ணாச்சியுடையவை. வங்கி அவற்றை அவரிடம் வாங்கவில்லை, எங்களிடம்தான் வாங்கியது. ஆகவே அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். "நீங்களே சொல்லிவிட்டு விலையை இறக்கப் பாக்கிறீங்களோன்னு ரெண்டு நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன் தம்பி" என்றார். இன்னும் இரண்டு நாள் தள்ளிப் போயிருந்தால் முப்பது வருடப் பழக்கம் முறிந்திருக்கும்.

"கடை ஆட்டம் கண்டுவிட்டது, இப்போது குறைத்துக் கேளுங்கள்" என்று எங்களுக்கு யோசனை சொன்னவர்களும் உண்டு. உண்மையைச் சொன்னால், ஒரு ராத்திரி அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். ஆனால் எங்கள் வழியாக வெளியான செய்தியால் இறங்கிய விலை அது. அதில் லாபம் பார்த்தால், சொன்னவரைவிட நாங்கள் எந்த விதத்தில் மேல்? பேசிய விலையையே கொடுத்தோம். சரக்கை மட்டும் இருவருமாக எண்ணி, அன்றைய இருப்புப்படி கணக்கிட்டோம். எண்ணெய் ஏஜென்டிடம் சேர்ந்தே போய், பழைய பாக்கிக்கு அண்ணாச்சி பொறுப்பு, இனி எடுப்பதற்கு நாங்கள் பொறுப்பு என்று சொன்னோம். பையன்களில் ஒருவர் திரும்பி வந்தார், மற்றவர் வரவில்லை.

வங்கிக்கு மறுநாள் கடிதம் எழுதினோம். எந்தத் தேதியில் என்ன காகிதம் கொடுத்தோம், செய்தி யார் வழியாகத் திரும்பி வந்தது, எங்கள் கோப்பை யார் யார் பார்த்தார்கள் என்று எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. கோப்பு வேறொருவர் கைக்கு மாறியது. நஷ்டத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நஷ்டம் இவ்வளவு என்று காட்ட எங்களிடம் எழுத்து இல்லை.

நம் ஆடிட்டர் விளக்கிய பிறகுதான் சட்டம் நம் பக்கம் இருப்பது தெரிந்தது. வாடிக்கையாளர் விவரத்தைக் காப்பது வங்கியின் கடமை என்பது இங்கிலாந்தில் 1924 ஆம் ஆண்டின் டூர்னியர் வழக்கிலிருந்து நிலைத்த கொள்கை. சட்டம் கட்டாயப்படுத்தினால், பொதுநலன் கேட்டால், வங்கியின் சொந்த நலனைக் காக்க வேண்டியிருந்தால், வாடிக்கையாளரே சம்மதித்தால் என நான்கே விலக்கு. நம் நாட்டில் ஸ்டேட் வங்கிக்கு 1955 சட்டத்தின் 44 ஆம் பிரிவும், தேசியமயமான வங்கிகளுக்கு 1970 சட்டத்தின் 13 ஆம் பிரிவும் ரகசியம் காப்பதைக் கடமையாக்குகின்றன. 2014 இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனத்தின் ஐந்து உரிமைகளில் அந்தரங்கமும் ஒன்று. எழுத்து மூலம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் என்னும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. தண்டல்காரரிடமும் பதிவில்லாத பைனான்ஸிலும் கணக்கைக் காட்டுபவர்களுக்கு இந்த வழி இல்லை.

இனி கடை வாங்கப் போகும் இளைஞர்களுக்குச் சொல்கிறோம். முதல் நாளே கடையின் பெயரைச் சொல்லாதீர்கள். இன்ன அளவு விற்பனையுள்ள மளிகைக் கடை என்றால் கடன் கிடைக்குமா, கிடைக்காதா என்று சொல்ல அது போதும். கிடைக்கும் என்றான பிறகு, விற்பவரின் எழுத்துச் சம்மதத்தோடு காகிதங்களைக் கொடுங்கள். ஒவ்வொரு நகலிலும் "கடன் பரிசீலனைக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போடுங்கள். பாக்கிப் பட்டியலில் ஆள் பெயரை விட்டு, தொகையை மட்டும் கொடுத்துப் பாருங்கள். கேட்டால் பிறகு தரலாம். செய்தி கசிந்தால் அன்றன்றைக்கு ஏற்படும் நஷ்டத்தை நோட்டில் குறித்துவையுங்கள்.

கடைசியாக ஒன்று. வங்கிக்காரர் சொன்னது ஒரே ஒருவரிடம்தான். அதை எண்ணெய் ஏஜென்டிடமும் கட்டிடக்காரரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தவர் நம்மைப் போல் கல்லாவில் உட்காரும் ஒரு வியாபாரி. வங்கியைக் கேட்க ரிசர்வ் வங்கி இருக்கிறது. நம் வாயைக் கேட்க நாம்தான் இருக்கிறோம்.