கார் சார்ஜுக்குத் தனி லைன் தேவை

வீட்டில் இரவு முழுக்க மின்சாரக் காரை சார்ஜ் செய்வது வசதிதான். ஆனால் வயரிங்கைப் பலர் கவனிப்பதே இல்லை. 15 ஆம்பியர் பிளக்கில் சுமார் 3 கிலோவாட் வீதம் ஏறும்; 30 யூனிட் கொள்ளும் பேட்டரி நிரம்பப் பத்து மணி நேரமாவது ஆகும். கீசர் கால் மணியில் அணைந்துவிடும், காரோ விடியும்வரை விடாமல் மின்சாரம் இழுக்கும். பிளக் சற்றே தளர்ந்திருந்தாலும் அந்த இடம் கொதிக்கும். எங்கள் குடியிருப்பில், காரை சார்ஜ் செய்ய முதல் மாடியிலிருந்து தொங்கவிட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று காலையில் உருகிக் கிடந்தது. பிளக்கின் ஒரு முனை கருகியிருந்தது. நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை. மீட்டர் பெட்டியிலிருந்து போதிய தடிமனுள்ள செப்புக் கம்பியில் தனி லைன், முறையான எர்த், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகியவை இருந்தால் மட்டுமே பார்க்கிங்கில் சார்ஜ் செய்யலாம் என்று குடியிருப்போர் சங்கங்கள் விதி வகுக்க வேண்டும்.