மெய்நிகர் வகுப்பறை: எவர் பிள்ளைகளுக்கான எதிர்காலம்?

மறைமலை நகரிலிருந்து ஒரகடம், திருப்பெரும்புதூர் வரை நீளும் தொழில் வழித்தடத்தில் உருவாகும் கார்கள், தகடு வெட்டப்படும் முன்பே கணினிக்குள் முழு உருப் பெற்றுவிடுகின்றன. அதே மெய்நிகர் தொழில்நுட்பம் இன்று பள்ளிக் கல்வியின் எதிர்காலமாக முன்வைக்கப்படுகிறது. தலையில் மாட்டும் கருவியின் துணையோடு மாணவர் இதயத்தின் அறைகளுக்குள் உலவலாம். ஆபத்தின்றி அமிலங்களைக் கலக்கலாம். இந்த எதிர்காலம் எவர் பிள்ளைகளுக்கு, எந்த வடிவில் வந்துசேரும் என்பதே நம் கேள்வி.

தொழில்நுட்பத்தை நாம் மறுக்கவில்லை. 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் மேம்படுத்தும் திட்டத்தின் முதற்கட்ட மையங்கள் 2023 ஜூலையில் ஒரகடத்தில் தொடங்கிவைக்கப்பட்டன. உயர் தொழில்நுட்பத்தை எளிய வீட்டுப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்க அரசால் முடியும் என்பதற்கு இது சான்று. ஆயினும் தொழிற்பயிற்சிக்குப் பின் உற்பத்தி வரிசையில் ஒப்பந்தத் தொழிலாளியாக நிற்பதா, வடிவமைப்புக் கூடத்தில் பொறியாளராக அமர்வதா என்பதைப் பள்ளியில் கிடைக்கும் அறிவியல் கல்வியே பெரிதும் தீர்மானிக்கிறது.

இங்கேதான் ஆபத்து. தனியார் பள்ளிகளில் மெய்நிகர் ஆய்வகம் உண்மையான ஆய்வகத்தோடு கூடுதலாக வரும். நம் பள்ளிகளில் ஆய்வகத்துக்கும் ஆசிரியருக்கும் மாற்றாக வரக்கூடும். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வி திரைக்கு மாறியது. 2017–18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்திய ஊரகக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 விழுக்காடு மட்டுமே. கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' வழியே தன்னார்வலர்களைத்தான் அரசு குடியிருப்புகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. திரை விட்ட இடைவெளியை மனிதர்களே நிரப்பினர்.

நிறுவனங்களின் மேடைகளை நம்பிப் பாடத்திட்டம் அமைப்பதும் பிழையாகும். 2017இல் தான் வாங்கிய 'ஆல்ட்ஸ்பேஸ் விஆர்' என்ற மெய்நிகர் உலகை மைக்ரோசாஃப்ட் 2023 மார்ச்சில் மூடிவிட்டது. தொலைவில் எடுக்கப்படும் இத்தகைய முடிவின் வலியை மறைமலை நகர் அறியும்: இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் நிலைகுலைந்தன.

மெய்நிகர் உலகில் உடலுக்குப் பதில் உருவமே உலவுவதால் சாதி மறைந்துவிடும் என்பாரும் உளர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவர் தங்கையும், உடன்பயின்ற மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். கருவியைக் கழற்றியதும் பிள்ளைகள் திரும்புவது அந்தத் தெருவுக்குத்தான். அடையாளத்தை மறைத்தால் மட்டுமே கிட்டும் சமத்துவம் சமத்துவமன்று. நாங்குநேரிக் கொடுமையைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இடம்பெறக் கூடாதென 2024இல் பரிந்துரைத்தது. மெய்நிகர் வகுப்பறையின் தரவுகளுக்கும் அவ்விதி பொருந்த வேண்டும்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. ஆசிரியர் பணியிடங்களை நிரப்புவதும் ஆய்வகங்களை அமைப்பதும் முன்நிபந்தனையாக வேண்டும். மெய்நிகர்ப் பாடங்கள் தமிழில், கட்டற்ற மென்பொருளில், அரசின் உடைமையாக உருவாக வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளே முதல் வரிசையில் நிற்க வேண்டும். எதிலும் கடைசியாகவே சேர்க்கப்பட்ட பிள்ளைகளிடமிருந்து இத்திட்டம் தொடங்கட்டும். அதற்கான கேள்வியை நம் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இன்றே எழுப்புவோம்.