ஐந்நூறு ரூபாயும் அடித்தூரும்

கஜா புயலில் சாய்ந்த தென்னைக்கு அரசு 1,100 ரூபாய் கொடுத்தது. மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. அறுநூறு போதாது என்று ஊரே பேசினோம்; நியாயந்தான். ஐந்நூறைப் பற்றி வாயே திறக்கவில்லை. வாங்கிக்கொண்டு தூரை அப்படியே விட்டவர்கள் அல்லவா நாங்கள்!

2018 நவம்பர் 16-க்குப் பிறகு திருத்துறைப்பூண்டியில் ஆள் கிடைக்கவில்லை, ரம்பம் கிடைக்கவில்லை, கரண்டும் இல்லை. சரி, அடுத்த கோடையில்? நடுமரத்தை வாய்க்காலுக்குப் பாலமாகப் போட்டோம். தூரைப் பெயர்க்க ஜேசிபி வாடகை கட்டாது. மட்கினால் உரந்தானே என்றோம்.

மட்கிய தூரை மண்வெட்டியால் கொத்தினால், கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும். தலை மட்டும் காவி நிறம். காண்டாமிருக வண்டின் புழு. மட்கியதில் பிறந்து, வண்டான பிறகு, புயலுக்குத் தப்பி நின்ற மரத்தின் குருத்தைத் துளைக்கும். மட்டை விரிந்தால் கத்தரியால் நறுக்கினாற்போல இருக்கும். "வண்டு அடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்த்தோம். அந்தக் காயத்தின் வாடைக்குத்தான் சிவப்புக் கூன்வண்டு வரும். மரத்தைக் கொல்வது அதன் புழு. மரத்தில் காதை வைத்தால் உள்ளே மெல்லுகிற சத்தம் கேட்கும். யார் காது வைத்தோம்? பழுப்புச் சாறு வடிந்து கொண்டை சாய்ந்த பிறகுதான் அண்ணாந்து பார்த்தோம்.

இன்னொன்று அடியிலிருந்து வருவது. 1952 புயலுக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் முதலில் கண்ட நோய், தஞ்சாவூர் வாடல் என்று நம் பெயரையே சுமக்கிறது. அடிமரத்தில் செம்பழுப்புக் கசிவு, பிறகு தூரில் காளான். மண்ணுக்குள் வேர் வழியே பக்கத்து மரத்துக்கும் போகும். தடுக்க வழி உண்டு: மரத்துக்கு வருஷம் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, கோடையில் தண்ணீர், நோய் கண்ட மரத்தைச் சுற்றி அகழி. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் பஸ் ஏறினால் போகிற தூரம். நெல்லுக்கு யூரியா இல்லையென்றால் மறியலுக்கு உட்காருவோம். தென்னைக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீர்தான். 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமனின் ஊர்க்காரர்கள் என்ற பெருமை வேறு!

போன வாரம் எருக்குழியைக் கிளறினேன். இருபத்து மூன்று புழு. கோழிகள் தின்று தீர்த்தன. பக்கத்துக் கொல்லை அண்ணனிடம் அவர் குழியையும் கிளறச் சொன்னேன்.

"பொங்கல் கழியட்டும் தம்பி" என்றார் அண்ணன்.