ஹோல்ட் வேற, ஸ்டாப் வேற

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டில் யாராவது தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

சில மாதங்களுக்கு முன் இரவு டூட்டியில் ஒரு அய்யா வந்தார். வயது அறுபதைத் தொடும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார், சட்டையெல்லாம் வியர்வை. ஈசிஜி எடுத்ததுமே தெரிந்துவிட்டது. மாரடைப்பு. அதுவும் இரண்டாவது முறை. ஒன்றரை வருடத்துக்கு முன் முதல் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தவர்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்களாய்யா?"

"ரெண்டு மாசமா இல்ல சார். டாக்டருதான் நிறுத்தச் சொன்னாரு."

கூட வந்த மகள் மஞ்சப்பையில் இருந்து ஃபைலை எடுத்துக் காட்டினார். இரண்டு மாதத்துக்கு முன் குடலிறக்க ஆபரேஷன் நடந்திருக்கிறது. அதற்கு முன்னால் கொடுத்த சீட்டில் க்ளோபிடோக்ரெல் மாத்திரைக்கு நேராக ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தை. "ஹோல்ட்."

அவ்வளவுதான். எத்தனை நாளுக்கு, எப்போது திரும்ப ஆரம்பிப்பது, யாரிடம் கேட்பது, எதுவும் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அந்த மாத்திரையைப் பற்றிப் பேச்சே இல்லை.

மகள் சொன்னார். "ஹோல்ட்னா என்னன்னு போன்ல போட்டுப் பாத்தேன் சார். 'பிடி'ன்னு வந்துச்சு. மருந்துக்கடை அண்ணன்கிட்ட கேட்டதுக்கு நிறுத்தணும்னு அர்த்தம்னாரு. அதான் நிறுத்திட்டோம். ரெண்டு மாத்திரையும் ரத்தம் உறையாம இருக்கத்தானேன்னு ஆஸ்பிரினையும் சேத்தே நிறுத்திட்டோம்."

அந்தப் பெண் மீது நான் ஒரு துளி குற்றமும் சொல்ல மாட்டேன். புரியாத வார்த்தையைத் தேடிப் பார்த்திருக்கிறார், தெரிந்தவரிடம் விசாரித்திருக்கிறார். ஒரு வீட்டில் இதைவிடப் பொறுப்பாக என்ன செய்ய முடியும்?

அன்றிரவே கேத் லேபுக்கு அனுப்பினோம். வைத்திருந்த ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தக்கட்டி அடைத்திருந்தது. அடைப்பைத் திறந்தார்கள். அய்யா பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் முன்பு போல இல்லை. இப்போது ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு விலை. அதனால்தான் இந்த த்ரெட்.

ஆங்கில மருத்துவத்தில் "ஹோல்ட்", "ஸ்டாப்" இரண்டும் வேறு வேறு உத்தரவுகள்.

ஸ்டாப் என்றால் இந்த மருந்துக்கும் உங்களுக்கும் இனி சம்பந்தம் இல்லை. முடிந்தது.

ஹோல்ட் என்றால் இந்த மருந்து உங்களுக்குத் தேவை. ஒரு காரணத்துக்காகக் கொஞ்ச நாள் மட்டும் கையை வைத்துத் தடுத்துப் பிடித்திருக்கிறோம். காரணம் முடிந்ததும் கையை எடுத்துவிடுவோம்.

நம்ம ஊர் உதாரணமே சொல்கிறேன். பராமரிப்புப் பணிக்காக காலை 9 மணியில் இருந்து மதியம் 2 மணி வரை கரண்ட் இருக்காது என்று மின்வாரியம் அறிவிப்பு தருகிறது. அது ஹோல்ட். பில் கட்டவில்லை என்று ஃபீஸைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். அது ஸ்டாப்.

கவனியுங்கள். மின்வாரிய அறிவிப்பில் எப்போது கரண்ட் வரும் என்ற நேரமும் இருக்கிறது. ஒரு அரை நாள் கரண்ட்டுக்குக் கொடுக்கிற தகவலை, உயிர் காக்கும் மாத்திரைக்கு நாங்கள் கொடுப்பதில்லை. இதுதான் என் ஆதங்கம்.

நம் மொழியில் இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாதா? அழகாக முடியும். "நிறுத்திடுங்க" என்பது ஸ்டாப். "நிறுத்தி வைங்க" என்பது ஹோல்ட். அந்த "வைங்க"வில்தான் விஷயமே இருக்கிறது. ஆனால் ஓபியில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது எங்கள் வாயில் வருவது "அந்த மாத்திரைய நிறுத்துங்க" மட்டும்தான். "வை" தொலைந்துபோகிறது. அதோடு மாத்திரையும் தொலைந்துபோகிறது.

சரி, எதற்காக ஹோல்ட் செய்கிறோம்?

க்ளோபிடோக்ரெல் ரத்தத் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் செய்கிறது. ஒருமுறை அதன் பிடியில் சிக்கிய தட்டணு, அதன் ஆயுளான 7 முதல் 10 நாள் வரைக்கும் அப்படியேதான் இருக்கும். ஸ்டென்ட் அடைக்காமல் இருக்க அது வரம். ஆபரேஷன் டேபிளில் ரத்தம் நிற்காமல் போக அதுவே காரணம். எனவே ரத்தக்கசிவு அபாயம் உள்ள ஆபரேஷனுக்கு 5 நாள் முன்பே நிறுத்தி வைக்கிறோம். அதற்குள் போதுமான புதுத் தட்டணுக்கள் வந்துவிடும். கசிவு அபாயம் அடங்கியதும், பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே, திரும்பத் தொடங்க வேண்டும்.

ஆஸ்பிரின் கதை வேறு. ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பல ஆபரேஷன்களில் ஆஸ்பிரினை நிறுத்தாமலேயே செய்கிறோம். சாதாரணமாகப் பல் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் இரண்டையுமே நிறுத்தத் தேவை இல்லை. நீங்களாக முடிவெடுக்காதீர்கள், இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னும் சில உதாரணங்கள்.

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள். திட்டமிட்ட ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பு நிறுத்தி வைக்க வேண்டும் என்று அமெரிக்காவின் எஃப்டிஏ 2020ல் அறிவித்தது. பட்டினி கிடக்கும்போது இதைச் சாப்பிட்டால் சுகர் அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. சரியாகச் சாப்பிட ஆரம்பித்ததும், டாக்டர் பார்த்துத் திரும்பத் தொடங்குவார்.

மெட்ஃபார்மின். சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருப்பவருக்கு மருந்து ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்தால், 48 மணி நேரம் நிறுத்தி வைத்து, சிறுநீரகப் பரிசோதனை பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

இதெல்லாம் ஹோல்ட். எதற்கும் "இனி வேண்டாம்" என்று அர்த்தம் கிடையாது.

தலைகீழாகவும் தப்பு நடக்கிறது. ஸ்டாப் என்று சொன்னதை ஹோல்ட் என்று எடுத்துக்கொள்வது.

சிறுநீரகம் பழுதான அம்மாவிடம் "வலி மாத்திரைய நிறுத்துங்கம்மா" என்கிறோம். அவரும் நிறுத்துகிறார். ஒரு மாதம் கழித்து முட்டி வலிக்கிறது. அலமாரியில் பழைய அட்டை இருக்கிறது. "டாக்டரு அப்போதானே வேணாம்னாரு" என்று எடுத்துப் போட்டுக்கொள்கிறார். இங்கே நாங்கள் சொன்னது ஃபீஸைப் பிடுங்குவது. அம்மாவுக்குக் கேட்டது பராமரிப்பு மின்தடை. ஒரு மருந்துக்கு அலர்ஜி வந்து நிறுத்தினாலும் இதே ஆபத்துதான், இன்னும் மோசமாக. அது ஆயுசுக்கும் ஸ்டாப். அந்த மருந்தின் பெயரை எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டாப்பிலேயே இன்னொரு வகை உண்டு. படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது. பல வாரம் தொடர்ந்து சாப்பிட்ட ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரைகள், மெட்டோபுரோலால் போன்ற இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகள். "நிறுத்தலாம்" என்று டாக்டர் சொன்னால் நாளையே தூக்கிப் போடுவது என்று அர்த்தம் இல்லை. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் உடல் தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோன் இல்லாமல் பிபி இறங்கி மயங்கிவிடலாம். வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு திரும்பும்.

எங்கள் துறையில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. "டி/சி" என்று ஒரு சுருக்கெழுத்து. சிலர் டிஸ்சார்ஜ் என்ற அர்த்தத்தில் எழுதுவார்கள். சிலர் டிஸ்கன்டினியூ, அதாவது நிறுத்து என்ற அர்த்தத்தில் எழுதுவார்கள். வீட்டுக்குப் போகும்போது சாப்பிட வேண்டிய மாத்திரைகள் என்று எழுதிய பட்டியலை, நிறுத்த வேண்டிய பட்டியலாகப் படித்துவிடும் ஆபத்து. அமெரிக்காவில் மருந்துத் தவறுகளைக் கண்காணிக்கும் ஐஎஸ்எம்பி என்ற அமைப்பு, பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. ஆங்கிலமே தாய்மொழியாக உள்ள ஊரிலேயே இந்த நிலை. ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் சொல்லி, அவசரத்தில் அனுப்பும் நம் ஊரில் கேட்கவா வேண்டும்?

கனடாவின் ஒன்டாரியோவில் 66 வயதும் அதற்கு மேலும் ஆன கிட்டத்தட்ட 4 லட்சம் பேரின் மருந்துப் பதிவுகளை ஆராய்ந்து 2011ல் ஜாமா இதழில் ஒரு ஆய்வு வெளியானது. ஆஸ்பத்திரியில் சேர்ந்து வீடு திரும்பியவர்களுக்கு, நாள்பட்ட நோய்க்கான மருந்துகள் யாருமே எண்ணாமல் நின்றுபோவது அதிகமாக இருந்தது. ஐசியூவில் இருந்து வந்தவர்களுக்கு இன்னும் அதிகம். யாரும் "ஸ்டாப்" சொல்லவில்லை. திரும்ப ஆரம்பிக்க யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2017ல் மருந்துப் பாதுகாப்புக்காகத் தொடங்கிய இயக்கத்திலும், நோயாளி ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்கு மாறும் நேரத்தை மூன்று முக்கிய அபாயங்களில் ஒன்றாக வைத்தார்கள்.

எனவே என் கருத்து இதுதான். தேதி இல்லாத ஹோல்ட், ஸ்டாப்புக்குச் சமம். அப்படி எழுதுவது பாதி வைத்தியம்.

சக மருத்துவர்கள் கேட்பார்கள். "ஆபரேஷனுக்கு முன்னாடியே எப்படித் தேதி சொல்ல முடியும்? கசிவு எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்?" நியாயமான கேள்வி. ஆரம்பிக்கும் தேதி தெரியாவிட்டால், முடிவெடுக்கும் தேதியை எழுதுங்கள். "இந்த மாத்திரையை நிறுத்தி வையுங்கள். தையல் பார்க்க வரும் அன்று திரும்பத் தொடங்குவது பற்றிக் கட்டாயம் கேளுங்கள்." தமிழில் இரண்டே வரி.

நேரம் இல்லை என்பார்கள். எனக்கும் அந்த நெருக்கடி தெரியும். நானும் வருடக்கணக்கில் வெறும் "ஹோல்ட்" எழுதியவன்தான். எத்தனை பேர் திரும்ப ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த அய்யாவைப் பார்த்த பிறகு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துக்கொண்டேன். "நிறுத்தி வைக்க வேண்டிய மாத்திரை, எந்த நாள் முதல், எந்த நாள் வரை, திரும்பத் தொடங்கச் சொல்பவர்" என்று நான்கு கோடுகள். நிரப்ப அரை நிமிடம்கூட ஆவதில்லை.

இது எங்கள் வேலை, உங்கள் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் நாங்கள் திருந்தும்வரை உங்கள் உயிருக்கு ஒரு காப்பு வேண்டாமா? மாத்திரையை நிறுத்தச் சொன்னால், நாற்காலியில் இருந்து எழுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

1. எந்த மாத்திரை? அட்டையை எடுத்துக் காட்டி, இதுவா என்று கேளுங்கள்.

2. ஒரேயடியா நிறுத்தணுமா, கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கணுமா?

3. திரும்ப எப்போ ஆரம்பிக்கணும், யார் சொல்லுவாங்க?

பதிலை அந்தச் சீட்டிலேயே தமிழில் எழுதி வாங்குங்கள். டாக்டர் கோவித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். கோவித்தால் கோவிக்கட்டும், இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். அடைத்த ஸ்டென்ட் அப்படி ஆறாது.

டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் பழைய மாத்திரைச் சீட்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பழையதில் இருந்து புதியதில் காணாமல் போன ஒவ்வொரு மாத்திரைக்கும் காரணம் கேளுங்கள்.

இன்று இரவு அப்பாவுடைய மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். "இதை டாக்டர் நிறுத்தச் சொன்னாரு" என்று ஒரு அட்டை ஓரமாகக் கிடந்தால், நீங்களாகத் திரும்பக் கொடுக்கவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். நாளைக்கு எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

நிறுத்தச் சொன்னாரா, நிறுத்தி வைக்கச் சொன்னாரா?

உங்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் பகிருங்கள்.